எழுத்தாளரும் சமுதாயச் சிந்தனையும்: கோ. சாரங்கபாணியை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

எழுத்தாளரைச் சமுதாயத்தின் சிந்தனையாளர் எனப் போற்றுவது நம்மிடையே வழக்கம். நூல் வெளியீடுகளிலும் பாராட்டு விழாக்களிலும் இக்கூற்று அடிக்கடி ஒலிக்கின்றது. ஆயினும், ஓர் எழுத்தாளர் எப்பொழுது சிந்தனையாளராகிறார் என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. நல்ல நடையும் கற்பனை வளமும் மட்டுமே ஒருவரைச் சிந்தனையாளராக்கிவிடுமா? தமிழவேள் கோ. சாரங்கபாணியின் (1903–1974) பணியை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

சிந்தனையாளர் யார்?

இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி, 1929க்கும் 1935க்கும் இடையில் சிறையில் எழுதிய குறிப்பேடுகளில் அறிவாளரை இருவகையாகப் பகுத்துக் காண்கிறார். சமுதாயப் பிரிவுகளுக்கு அப்பாற்பட்டவராகத் தம்மைக் கருதிக்கொள்ளும் மரபுவழி அறிவாளர் ஒரு வகையினர். ஒரு மக்கட்பிரிவின் வாழ்க்கையோடு ஒட்டித் தோன்றி, அப்பிரிவு தன்னை உணர்ந்துகொள்ளத் துணைபுரிவோர் மற்றொரு வகையினர். புதிய அறிவாளருக்குச் சொல்வன்மை மட்டும் போதாது. மக்களின் நடைமுறை வாழ்வில் பங்குகொண்டு அவர்களை ஒருங்கிணைப்பவராகவும் அவர் இருத்தல் வேண்டும் என்பது கிராம்சியின் கருத்து. மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இவ்வரையறைக்குப் பொருத்தமான சான்றாகச் சாரங்கபாணியைக் கொள்ளலாம்.

வினாக்களை முன்னுணர்ந்தவர்

திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூருக்கு வந்த சாரங்கபாணி புனைகதையால் புகழ் பெற்றவர் அல்லர், பத்திரிகையாளர். 1935இல் தோன்றிய தமிழ் முரசின் வழி, தம் காலச் சமுதாயம் எதிர்கொள்ள வேண்டிய வினாக்களை அவர் ஒவ்வொன்றாக முன்வைத்தார்.

1930களில் அவர் முன்வைத்தது சாதி வேற்றுமை, மூடப்பழக்கம் ஆகியவற்றைக் களையும் சீர்திருத்த வினா. 1950களில் அவ்வினா விரிவடைந்தது. சாதி, சமய வேறுபாடுகளைக் கடந்து தமிழர் ஒன்றுகூட ஒரு பொதுநாள் வேண்டும் எனக் கருதி, 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். குறைகளைக் கண்டித்தவரே ஒற்றுமைக்கும் வழிகண்டார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1957இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபொழுது, தாயகம் திரும்பும் நினைவிலேயே வாழ்ந்த பலரை இந்நாட்டுக் குடிமக்களாகப் பதிந்துகொள்ளுமாறு வலியுறுத்தினார். ‘நாம் எந்நாட்டவர்?’ என்னும் வினாவிற்கு அவர் அளித்த விடையாகவே இதனைக் கொள்ளலாம்.

துறையும் எழுத்தும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கத் திட்டமிட்டபொழுது, அதில் முதன்மை பெற வேண்டியது சமஸ்கிருதமா, தமிழா என்னும் விவாதம் எழுந்தது. இங்கு வாழும் இந்தியருள் பெரும்பான்மையோரின் மொழி தமிழே என்னும் நிலைப்பாட்டிற்காகத் தமிழ் முரசு குரல் கொடுத்தது. அத்துடன் நில்லாது, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதித்திட்டத்தின் வழி துறையின் நூலகத்திற்குப் பொருள் திரட்டியது. பல்கலைக்கழக வாயிலையே கண்டிராத தொழிலாளரும் அதற்கு வழங்கினர். 1956இல் துறை தோன்றியது. இத்துறையில் கற்றோரும் கற்பிப்போரும் அம்மக்களுக்குக் கடன்பட்டவர்களே.

அவர் சிந்தனை தம்மோடு முடிந்துவிடவுமில்லை. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் இளையோரை எழுதத் தூண்டியது; பின்னாளில் அறியப்பட்ட எழுத்தாளர் பலர் அதில் பயின்றவர்களே. வாசகரை எழுத்தாளராக்குவதும் சிந்தனையாளரின் பணி எனலாம்.

முடிவுரை

இன்று வகுப்பறையில் எழுத்தாளரை அணுகும்பொழுது கதைக்கரு, பாத்திரப்படைப்பு, உத்தி என்பவற்றோடு நாம் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். பத்திரிகைத் தலையங்கங்களை இலக்கியமாகவே கருதுவதில்லை. 1924 முதல் வெளிவந்த தமிழ் நேசன் 2019இல் நின்றுபோன நிலையில், எழுத்தாளரும் சமுதாயமும் சந்திக்கும் களம் மேலும் சுருங்கியுள்ளது. எனவே, ஓர் எழுத்தாளரைக் கற்பிக்கும் ஆசிரியர் மூன்று வினாக்களை மாணவர் முன் வைத்தல் நலம்: அவர் காலச் சமுதாயம் எதிர்கொண்ட சிக்கல் யாது? பிறர் காணாத எதனை அவர் கண்டார்? வாசகரிடம் அவர் வேண்டியது என்ன? இவற்றுக்கு விடை தரும் எழுத்தே சிந்தனையாளரின் எழுத்து. விடை கிடைக்காத இடத்தில், ‘சிந்தனையாளர்’ என்பது வெறும் பாராட்டுச் சொல்லாகவே எஞ்சும்.