உங்களுக்குத் தெரியுமா? ஜின் அண்ட் டானிக் மலேரியா மருந்தல்ல

இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் மலேரியாவைத் தடுக்கவே ஜின் அண்ட் டானிக் குடித்தார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. டானிக் நீரின் கசப்புக்குக் காரணம் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பாரிசில் பிரித்தெடுக்கப்பட்ட கொய்னா. அமெரிக்க விதிப்படி இன்று ஒரு லிட்டர் டானிக்கில் அது சுமார் 83 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மலேரியா சிகிச்சைக்கோ நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் வேண்டும். அதாவது, தினமும் 20 லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும்!

அந்தக் காலத்து டானிக்கில் கொய்னா கூடுதலாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சில மடங்கு கூட்டினாலும் பல லிட்டர் தேவைப்படும். அந்தக் கசப்பை ரசித்துக் குடிக்க யாராலும் முடியாது. லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் டானிக் நீருக்குக் காப்புரிமை பெற்றது 1858இல். பத்து ஆண்டு கழித்து, 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகசின்' இதழில் ஜின் அண்ட் டானிக் தலைகாட்டுகிறது. எங்கே? மருத்துவமனையில் அல்ல, குதிரைப் பந்தயம் முடிந்த இடத்தில்.

செய்முறை எளிது: ஐஸ் நிறைந்த உயரமான கண்ணாடிக் குவளையில் ஒரு பங்கு ஜின், இரண்டு மூன்று பங்கு டானிக், ஓர் எலுமிச்சைத் துண்டு. புற ஊதா விளக்கடியில் வைத்தால் குவளை நீலமாக ஒளிரும். அது கொய்னாவின் வேலை. காய்ச்சலோடு உண்மையில் போராடியது தூளாகவும் மாத்திரையாகவும் கொடுத்த கொய்னாதான். அதற்காகவே 1860களில் நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், அரசு சின்கோனாத் தோட்டங்கள் போட்டது.