கொட்டகைக்கு எட்டாத வைஃபை: எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா?

பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கர் மல்பெரித் தோட்டம். வீட்டிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளிப் பட்டுப்புழு வளர்ப்பு மனை. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மனைக்குள் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து கைபேசிக்குத் தகவல் அனுப்பும் சிறு சென்சார் ஒன்றையும் கேமரா ஒன்றையும் அந்த விவசாயி மாட்டியிருந்தார். வீட்டு வைஃபை அங்கே எட்டவில்லை. கடையில் கேட்டபோது எக்ஸ்டெண்டர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதை மனைக்குள்ளேயே ஒரு பிளக்கில் செருகிவிட்டார்.

“சார், போன்ல பார்த்தா நாலு கோடும் முழுசா நிக்குது. ஆனா கேமரா சுத்திக்கிட்டே இருக்கு. சென்சார் மெசேஜ் ஒருநாள் வருது, ஒருநாள் வரலை. இப்ப மெஷ் வாங்கச் சொல்றாங்க, எட்டாயிரம் ஆகுமாம். வாங்கலாமா?” என்று கேட்டார்.

பயிரைப் பார்க்கப் போன இடத்தில் இப்போது இந்தக் கேள்வியும் வருகிறது. பாரத்நெட் திட்டம் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிளைக் கொண்டு செல்வதை இலக்காகக் கொண்டது. தருமபுரி மாவட்டத்தின் 251 ஊராட்சிகளும் இதில் அடக்கம். ஊராட்சியிலிருந்து வீடு வரை இணைப்பு தருவது நிறுவனத்தின் வேலை. வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கும் புழு மனைக்கும் கொண்டுபோவது நம் வேலை. காசு வீணாவது பெரும்பாலும் இந்தக் கடைசி 50, 60 மீட்டரில்தான்.

ஐந்தாம் பருவத்தில் ஒரு பிற்பகல்

பட்டுப்புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. அந்த ஏழெட்டு நாள்தான் விவசாயியின் கூலி, இலை, உழைப்பு எல்லாம் குவியும் காலம். முதிர்புழுவுக்கு 24 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 70 முதல் 75 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால், குறிப்பாக வெண்பட்டு தரும் இருசந்ததி கலப்பினங்கள் தாங்குவதில்லை. பால்புழு நோய்க்கும் அது வழிவிடும்.

அந்த விவசாயி ஒரு நாள் வெளியூர் போயிருக்கிறார். மனையில் வெப்பம் 34 டிகிரிக்கு ஏறியது. சென்சார் அளந்தது, ஆனால் தகவல் கைபேசிக்கு வந்து சேரவில்லை. மாலையில் வீடு திரும்பிய பிறகுதான் ஈரச் சாக்கு கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். அந்த வளர்ப்பில் கூட்டு மகசூல் குறைந்தது. வெப்பம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எச்சரிக்கை மணி அடிக்கும் என்று நம்பிப் போன நாளில் அது அடிக்கவில்லை என்பது உண்மை.

எக்ஸ்டெண்டர் என்ன செய்கிறது?

எக்ஸ்டெண்டர் புதிதாக இணையத்தை உண்டாக்குவதில்லை. தனக்குக் கிடைக்கும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். சிக்னல் எட்டாத மனைக்குள் அதைச் செருகுவது, தண்ணீர் வராத தொட்டியில் மோட்டாரை இறக்குவது போல. மோட்டார் ஓடும், குழாயில் காற்றுதான் வரும். கைபேசியில் தெரிந்த நாலு கோடுகள், கைபேசிக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையே உள்ள சிக்னல். எக்ஸ்டெண்டருக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இடையே இருந்த பலவீனத்தை அந்தக் கோடுகள் காட்டாது.

ஆகவே எக்ஸ்டெண்டரை வைக்க வேண்டிய இடம் சிக்னல் இல்லாத இடமல்ல. நல்ல சிக்னல் முடியப்போகும் இடம். ஏறக்குறைய பாதி வழி. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான வகைகளில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரட்டை அலைவரிசை வகைகளில் இந்த இழப்பு குறைவு. ஆனால் வெப்ப சென்சாருக்கு வேண்டிய வேகம் மிகச் சொற்பம். சாதாரண கேமராவுக்கு நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட் போதும். உங்கள் இணைப்பு 50 மெகாபிட் என்றால் பாதியானாலும் மிச்சம்தான். கொட்டகையில் நமக்குத் தேவை வேகமல்ல, அறுந்துபோகாத இணைப்பு.

மெஷ் எதில் வேறுபடுகிறது?

மெஷ் என்பது இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் இயங்கும் அமைப்பு. கைபேசியுடன் நடந்தால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு இணைப்பு தானாக மாறும். எந்தப் பெட்டி எதனுடன் பேசினால் நல்லது என்பதையும் அவையே பார்த்துக்கொள்ளும். மாடி வீடு, கூட்டுக் குடும்பம், நான்கைந்து அறை, ஒரே நேரத்தில் பிள்ளைகளின் படிப்பும் டிவியும் என்றால் மெஷ் கொடுத்த காசுக்குப் பயன் தரும்.

ஆனால் மெஷ்ஷின் இரண்டாவது பெட்டியும் முதல் பெட்டியின் சிக்னலைக் காற்றில் வாங்கித்தான் ஆக வேண்டும். 60 மீட்டர் திறந்தவெளியும் இருபுறமும் சுவரும் இருந்தால், எக்ஸ்டெண்டருக்கு வந்த கஷ்டம் அதற்கும் வரும். சென்சாரும் கேமராவும் சுவரில் ஆணியடித்து மாட்டியவை. எங்கும் நடந்து போவதில்லை. மெஷ்ஷின் முக்கிய வசதி அங்கே வேலையின்றிக் கிடக்கும். எட்டாயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இலையும் தகரமும்

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும். சந்தையில் கிடைக்கும் விலை குறைந்த சென்சார்களும் கேமராக்களும் பெரும்பாலும் 2.4 மட்டுமே பிடிப்பவை. வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகரக் கூரை, இரும்புக் கதவு, பீரோ ஆகியவை சிக்னலைத் திருப்பிவிடும். கான்கிரீட் சுவர் விழுங்கிவிடும். தண்ணீரும் விழுங்கும், இலையில் பெரும்பகுதி தண்ணீர்தானே. ஆகவே இடையில் வாழை, மாமரம், ஆளுயர மல்பெரி இருந்தால் சிக்னல் குறையும். கவாத்து செய்த வாரத்தில் நன்றாக வந்த இணைப்பு, இலை செழித்ததும் மங்கும். மழையில் நனைந்தால் இன்னும் மங்கும். ‘போன மாதம் வந்தது, இப்போது வரவில்லை’ என்றால் கருவியைக் குறை சொல்லுமுன் தோட்டத்தைப் பாருங்கள்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

முதல் வேலைக்குச் செலவே இல்லை. ரவுட்டர் பெரும்பாலும் கேபிள் நுழையும் மூலையில், டிவிக்குப் பின்னால் கிடக்கும். அதைக் கொட்டகை இருக்கும் பக்கத்து ஜன்னலோரம், தலை உயரத்துக்கு மாற்றுங்கள். புதிதாக இணைப்பு எடுப்பவர்கள், கேபிள் இழுக்க வருபவரிடம் அன்றே சொல்லி அந்தப் பக்கத்தில் பெட்டியை வைக்கச் செய்யலாம்.

அடுத்து, வைஃபை சிக்னலை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு, ரவுட்டரிலிருந்து கொட்டகை வரை நடந்து பாருங்கள். அது மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 மிக நல்லது. மைனஸ் 65 வரை பரவாயில்லை. மைனஸ் 75-ஐத் தாண்டினால் நம்ப முடியாது. மைனஸ் 60 முதல் 65 வரை காட்டும் இடத்தில், மழை படாத ஒரு பிளக் இருக்கிறதா? இருந்தால் எக்ஸ்டெண்டர் வேலை செய்யும். நடுவே வெறும் வரப்பும் வயலும்தான் என்றால், வேறு வழி பார்க்க வேண்டும்.

ஒயர்தான் உறுதி

அந்த வேறு வழி ஒயர். வெளியில் போடத் தகுந்த நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும். இலை, சுவர், மழை எதுவும் அதைப் பாதிக்காது. கொட்டகை முனையில் ஆக்சஸ் பாயிண்ட் எனப்படும் சிறு பெட்டியை மாட்டினால் அங்கே புதிய வைஃபை கிடைத்துவிடும். மெஷ் பெட்டிகளையும் இப்படி ஒயரால் இணைத்தால்தான் அவை முழுத் திறனுடன் இயங்கும்.

கேபிளை எச்.டி.பி.இ. குழாய்க்குள் விட்டுப் புதைத்தால் எலியும் மண்வெட்டியும் தொடாது. மின் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் விடக் கூடாது. ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள்.

100 மீட்டரைத் தாண்டினால் ஃபைபர் கேபிள் போடலாம். அல்லது ஒன்றையொன்று பார்த்தபடி இரு முனைகளில் மாட்டும் வெளிப்புற வைஃபை ஜோடி இருக்கிறது. அது சில நூறு மீட்டர் எளிதாகப் போகும். ஆனால் இடையே மரம் மறைக்கக் கூடாது. கிணற்று மோட்டாருக்கு இதெல்லாம் தேவையில்லை. சிம் கார்டில் இயங்கும் ஸ்டார்ட்டர் கருவிக்குக் கைபேசி டவர் கிடைத்தால் போதும்.

மின்சாரமும் இடியும்

கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். பெரும்பாலான ரவுட்டர்களும் ஆக்சஸ் பாயிண்டுகளும் 12 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றுக்குச் சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் பெட்டியின் வோல்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கில் நேரடியாகச் செருகும் எக்ஸ்டெண்டருக்கு அந்த வசதி இல்லை. இன்வெர்ட்டர் இருந்தால்தான் உண்டு.

நம் மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதக் கோடை மழை இடியோடுதான் வரும். இரண்டு கட்டடங்களை இணைக்கும் செம்புக் கேபிள் வழியே மின்னல் பாய்ச்சல் வந்து இரு முனைக் கருவிகளையும் கெடுக்கலாம். இடிக்கு முன்பே இரு முனைகளையும் கழற்றிவிடுங்கள். சர்ஜ் புரொடெக்டரும் நல்ல எர்த்தும் இருக்கட்டும். அடிக்கடி இடி விழும் இடமென்றால் தூரம் குறைவாக இருந்தாலும் ஃபைபரே மேல். அதன் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

பட்டு விவசாயிகளுக்கு ஒன்று கூடுதலாக: ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன் பிளீச்சிங் பவுடர், குளோரின் டையாக்சைடு கொண்டு மனையைக் கிருமிநீக்கம் செய்யும்போது சென்சார், கேமரா, வைஃபை பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். குளோரின் அவற்றின் இணைப்புகளை அரித்துவிடும்.

எதற்கு எது?

ஒரே வீடு, ஓர் அறைக்கு மட்டும் எட்டவில்லை, பாதி வழியில் பிளக் இருக்கிறது: எக்ஸ்டெண்டர் போதும்.

மாடி வீடு, பல அறை, பலர் பயன்பாடு: மெஷ்.

வீட்டுக்கு வெளியே தனிக் கட்டடம், 100 மீட்டருக்குள்: கேபிளும் ஆக்சஸ் பாயிண்டும்.

அதற்கு மேல்: ஃபைபர், அல்லது வெளிப்புற வைஃபை ஜோடி.

பாலக்கோட்டு விவசாயி மெஷ் வாங்கவில்லை. ரவுட்டரை இடம் மாற்றினோம். எக்ஸ்டெண்டரை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து பார்த்தோம். சென்சார் ஓரளவு பேசியது, கேமரா திணறியது. அப்போதுதான் அந்த எக்ஸ்டெண்டரின் அடியில் கேபிள் செருகும் துளை இருப்பதைக் கவனித்தோம். இப்படித் துளை உள்ள பல எக்ஸ்டெண்டர்களை அமைப்பில் மாற்றி ஆக்சஸ் பாயிண்டாகவே பயன்படுத்தலாம். சொட்டுநீர்க் குழாய்க்குத் தோண்டிய வாய்க்காலை ஒட்டி 70 மீட்டர் கேபிள் புதைத்தார். கேபிளுக்கு ஆன செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள். வாங்கி வைத்திருந்த பழைய எக்ஸ்டெண்டரே மனைக்குள் வேலை பார்க்கிறது.

அவரிடம் சொன்ன இன்னொன்றை எல்லோருக்கும் சொல்கிறேன். இடிக்காகக் கேபிளைக் கழற்றும் நாளும் வரும், இணையம் இல்லாத நாளும் வரும். ஆகவே வெப்பம் கூடினால் மனையிலேயே கூவும் சிறு அலாரம் ஒன்றை மாட்டுங்கள். அதற்கு வைஃபை வேண்டாம். சுவரில் தொங்கும் ஈர, உலர் வெப்பமானியையும் எடுத்துவிடாதீர்கள். வெளியூர் போகும் நாளில், கைபேசி சும்மா இருக்கிறது என்பதற்காக மனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணாமல், வீட்டில் இருப்பவரை ஒரு நடை போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.