முந்திக்கொள்ளும் உஷ்ணம்

ஜொகூர் பாருவின் கரையில் நின்று நீரிணையை நோக்குபவர்கள் அக்கரைச் சிங்கப்பூரின் கட்டடங்களையும் பாலத்தில் நெருக்கியடித்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களையும் காண்பார்களேயன்றி, அந்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400-க்கு ஒன்று டியூட்டீரியம் என்னும் கனத்த வகையினது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை ஹைட்ரஜனின் இன்னும் கனத்த வகையான டிரிட்டியத்தோடு இணைத்தால் பெருஞ்சக்தி பிறக்கும், இணைப்பதுதான் பிரயாசை.

அதற்கொரு மார்க்கத்தை இயற்பியலாளர் ஜான் நக்கோல்ஸும் அவருடைய சகாக்களும் 1972-இல் வெளியிட்டனர். மிளகளவே பருமனுள்ள உருண்டையில் எரிபொருளை அடைத்து, லேசர் கிரணங்களை நேராகவோ, உருண்டையைச் சூழ்ந்த பொற்குழலின் சுவரில் பட்டெழும் எக்ஸ் கதிர்களின் வாயிலாகவோ பாய்ச்சினால், அதன் மேற்றோல் ஆவியாகி வெளியே சீற, அந்த உந்துதலால் எஞ்சிய பகுதி உள்நோக்கி நொறுங்கி, ஈயத்தினும் பன்மடங்கு அடர்த்தியாக இறுகும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அழுத்திப் பாருங்கள்: குழல் சுடுவதும், உள்ளிருக்கும் காற்று வரவர முரண்டு பிடிப்பதும் கைக்கே தெரியும். ஏற்கெனவே சூடேறிய காற்றாயின் முரண்டு இன்னும் அதிகம். ஆகையால் எரிபொருள் முதலில் குளிர்ந்தே இறுக வேண்டும். உஷ்ணம் கடைசியில்தான் வரவேண்டும்.

கலிபோர்னியாவின் லிவர்மோரில் 1977-இல் எழுந்த 20 கிரண லேசருக்கு, பல கரமுடைய மூர்த்தி என்பதால், 'சிவா' என்றே பெயரிட்டனர். (கரங்களை எண்ணியவர்கள் நெற்றிக்கண்ணை மறந்துவிட்டார்கள் போலும்!) அதன் 1.06 மைக்ரான் அகச்சிவப்பு ஒளி, உருண்டையைச் சூழ்ந்த பிளாஸ்மா என்னும் மின்னூட்ட வாயுவில் அலைகளைக் கிளப்ப, அவ்வலைகள் சில எலெக்ட்ரான்களை வாரி வீசின; அவை இறுகிவரும் கூட்டை முந்திக்கொண்டு ஊடுருவி, எரிபொருளை அகாலத்தில் சூடாக்கின. வெண்ணெய் திரண்டு வருகையில் தாழி உடைந்ததுபோல, எதிர்பார்த்த அடர்த்தி கிட்டாமல் போயிற்று.

பரிகாரம் ஒளியின் நிறத்தில் கிடைத்தது. படிகங்களின் வழியே செலுத்தி அலைநீளத்தை மூன்றிலொன்றாக, 0.35 மைக்ரானாகக் குறுக்கினால், ஒளி இன்னும் அடர்ந்த பிளாஸ்மாவரை சென்று, மோதல்களால் அடங்கிய முறையில் உறிஞ்சப்படுகிறது. வெறிகொண்டோடும் எலெக்ட்ரான்கள் மிகக் குறைகின்றன.

அதே லிவர்மோரில், இவ்வாறு அலைநீளம் குறுக்கிய 192 கிரணங்கள் 2022 டிசம்பர் 5-இல் 2.05 மெகாஜூல் சக்தியைச் செலுத்த, இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் வெளிப்பட்டது. நம்மூர் ஒட்டுக்கடையில் தேநீருக்கு வைக்கும் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும்; லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்ததோ ஏறத்தாழ 300 மெகாஜூல்.