கண்ணுக்குத் தெரியாத 13!

ஆபீஸ் சம்பள ஃபைல். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஊழியரின் நம்பர். ஒருவருடைய நம்பர் 4512. புரோகிராமில் இருக்கும் பட்டியலிலும் 4512. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால், 'இல்லவே இல்லை' என்று சாதிக்கிறது கம்ப்யூட்டர்! அந்த ஆளுக்குச் சம்பளம் நின்றுபோகும். ஃபைல் அனுப்பியவரை புரோகிராமர் திட்டுவார். அவர் இவரைத் திட்டுவார். பாவம், இருவருமே நிரபராதிகள். ஆதி குற்றவாளி, டைப்ரைட்டர்!

டைப் அடிக்கப் பழகியவர்களுக்குத் தெரியும். வரி முடிந்ததும் லீவரைத் தள்ளினால், காரேஜ் வரியின் ஆரம்பத்துக்குப் போகும்; பேப்பரும் ஒரு வரி ஏறும். ஒரே தள்ளு, இரண்டு வேலை. டெலிபிரின்டரில் இந்த இரண்டுக்கும் தனித்தனி உத்தரவு. ஆஸ்கி பட்டியலில் முதல் வேலைக்கு நம்பர் 13 (காரேஜ் ரிட்டர்ன்). இரண்டாவதுக்கு 10 (லைன் ஃபீட்).

காரேஜ் போயாச்சு. நம்பர்கள் போகவில்லை. '10 ஒன்றே போதும்' என்றது யூனிக்ஸ். 1981-ல் வந்த எம்.எஸ். டாஸ், 13-ஐயும் 10-ஐயும் ஜோடியாக வைத்துக்கொண்டது. விண்டோஸில் இன்றும் அதே வழக்கம். பழைய மேக்கின்டாஷுக்கோ 13 மட்டும்தான். 2001-ல் மேக் ஓ.எஸ். எக்ஸ் வந்த பிறகுதான் அது 10 கட்சியில் சேர்ந்தது. விண்டோஸின் நோட்பேட், வெறும் 10-ஐ வரி முடிவாக ஒப்புக்கொண்டதே 2018-ல்தான் என்றால் பாருங்களேன்!

விண்டோஸில் தயாரான ஃபைலை, லினக்ஸில் ஒரு புரோகிராம் 10-ஐ மட்டும் பார்த்து வெட்டினால், ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு 13 ஒட்டிக்கொண்டு வரும். ஸ்கிரீனில் தெரியாது. சந்தேகமா? நீளத்தை எண்ணச் சொல்லுங்கள். 4512-க்கு 4 எழுத்து வரவேண்டும். 5 என்று வந்தால் ஆசாமி மாட்டிக்கொண்டான்.

வைத்தியம் சுலபம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவோமே, அந்த மாதிரி. வரியைப் படித்த கையோடு, கடைசியில் இருக்கும் 13, 10 இரண்டையும் கழற்றிவிட்டு உள்ளே விடுங்கள். பைத்தான் 3-ல் டெக்ஸ்ட் ஃபைலாகத் திறந்தால், மூன்று கட்சியையும் அதுவே ஒன்றாக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: படங்கள், ஜிப் ஃபைல்கள் பக்கம் இந்தக் கை வேலை வேண்டாம் சார். அங்கே 13-ம் 10-ம் வரி முடிவு அல்ல, சரக்கே அதுதான். பி.என்.ஜி. படத்தை உருவாக்கியவர்கள் கெட்டிக்காரர்கள். முதல் 8 பைட்டுக்குள்ளேயே 13, 10 ஜோடியை வைத்துவிட்டார்கள். வழியில் யாராவது 'திருத்தி' இருந்தால், படம் திறக்கும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும்!