ஓட இடம் வேண்டும்

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். சென்னைக்கும் மைசூருக்கும் ஆட்டம். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். பிறந்தது மொறப்பாக்கத்தில், பழைய செங்கல்பட்டு ஜில்லா. எங்கள் ஊரான கேளம்பாக்கமும் அதே ஜில்லாதான் என்பதால் எங்களுக்கு அவர் மீது கொஞ்சம் உரிமை உண்டு. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. 11 விக்கெட் எடுத்து முடித்துவைத்தவர் இடக்கை சுழற்பந்துக்காரரான ஏ.ஜி.ராம்சிங். வேகமாகப் போடுகிறவர் புதுப்பந்தின் பளபளப்பைத் தேய்த்துக் கொடுப்பார், மீதியைச் சுழற்பந்துக்காரர் பார்த்துக்கொள்வார். நம் ஊர் வழக்கம் முதல் நாளிலேயே அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

கோபாலனுக்குச் சோறு போட்டது கிரிக்கெட் இல்லை. அவர் திறமையைக் கண்டுகொண்ட சி.பி.ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரரின் தயவில் பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆபீஸ் போக மீதி நேரத்தில் கிரிக்கெட், அதிலும் மீதி இருந்தால் ஹாக்கி. இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது; இவருக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்ட்தான் கடைசிவரை அவர் கணக்கு.

அடுத்து வந்த சி.ஆர்.ரங்காச்சாரி போலீஸ் உத்தியோகஸ்தர். 1948 தொடக்கத்தில் அடிலெய்டில், பிராட்மேனின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, முதல் டெஸ்டிலேயே 4 விக்கெட். அதே ஆண்டு டெல்லியில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 5 விக்கெட். மொத்தம் 4 டெஸ்டோடு நின்றது. டி.ஏ.சேகருக்கு 1983-ல் 2 டெஸ்ட் கிடைத்தது, விக்கெட் விழவில்லை. தமிழ்நாட்டிலிருந்து டெஸ்ட் ஆடிய வேகப்பந்து வீச்சாளர்களை இன்றைக்கும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனாலும் அவர்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. சென்னை லீக் என்பதே கம்பெனிகளும் வங்கிகளும் நடத்திய ஓர் ஏற்பாடு: ஸ்டேட் வங்கி, ஐ.ஓ.பி., இந்தியா பிஸ்டன்ஸ், பெரம்பூர் ஐ.சி.எஃப். நன்றாகப் பந்து போட்டால் வேலை, வேலை இருந்தால் கல்யாணம், முட்டி போனால் மேசை. பந்து ஒரு நாள் நின்றுவிட்டாலும் பென்ஷன் நிற்காது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் அருகிப்போன இந்தக் காலத்தில் அந்த நிம்மதியை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

1987-ல் காற்று மாறியது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் டென்னிஸ் லில்லியை அழைத்து வந்து சேத்துப்பட்டில் வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியது. அதே சேகர் அங்கே பயிற்சியாளர் ஆனார். வேகமாகப் போட வேண்டும் என்று வந்த பொடியன் டெண்டுல்கரை, போய் பேட்டைப் பிடி என்று லில்லி திருப்பி அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். தெரியவேண்டியது வேறு: வேகப்பந்து என்பது முரட்டு வேலையல்ல, கற்றுக்கொடுக்கக்கூடிய தொழில் என்று இந்தியா நம்பியது அங்கேதான். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் அந்த மண்ணில் ஓடியவர்கள்.

உடம்பைப் பற்றிய அறிவும் அப்போதுதான் வந்தது. ஓடிவந்து முன்காலை ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்தக் கால்மேல் இறங்கும். அதே நொடியில் இடுப்பு முறுக்கும். எலும்பு முழுதாக முற்றாத வயதில் கணக்கில்லாமல் போட்டால் கீழ்முதுகில் விரிசல் விழும். லட்சுமிபதி பாலாஜி 2004-ல் பாகிஸ்தானில் சிரித்துக்கொண்டே பந்து போட்டு, ராவல்பிண்டி டெஸ்டில் 7 விக்கெட் எடுத்தார். அடுத்த ஆண்டுக்குப் பிறகு டெஸ்ட் இல்லை. முதுகுதான் காரணம். வீச்சு முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி, 2008 மே 10-ல் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கைச் சேப்பாக்கத்தில் எடுத்தார். இன்று வாரத்துக்கு எத்தனை பந்து போடலாம் என்பதைப் பிசியோ முடிவு செய்கிறார். ரங்காச்சாரி போட்ட பந்துகளை ஸ்கோரரைத் தவிர யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பிறகு நடராஜன். சேலம் சின்னப்பம்பட்டி, அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை. இருபது வயதுவரை டென்னிஸ் பால்தான். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு. 2020-ல் யார்க்கராகப் போட்டுத் தள்ளியவர், நெட்ஸில் பந்து போடப் போன ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட், 3 விக்கெட். அதன் பிறகு டெஸ்ட் இல்லை. கோபாலனைப் போலவே ஒன்றே ஒன்று. ஆனால் 2025-க்கு டெல்லி அணி கொடுத்த விலை 10 கோடியே 75 லட்சம். அதிலும் பெரும்பாலான ஆட்டங்களை வெளியே உட்கார்ந்துதான் பார்த்தார்.

இனி எங்கள் பக்கம். கேளம்பாக்கம் என்றால் முன்பு உப்பளம், பனை, சவுக்கு. ஏரி வற்றினால் அதுவே மைதானம். பையன் எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டுமானாலும் ஓடிவரலாம். இன்று வசதிக்குக் குறைவில்லை: காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரி மைதானத்தில் லீக் ஆட்டம், மேலக்கோட்டையூரில் உடற்கல்விப் பல்கலைக்கழகம், நாவலூரில் சூப்பர் கிங்ஸின் பயிற்சி மையம். ஆனால் தெருப் பையன் ஆடுவது மணிக்கணக்குக்கு வாடகை விடும் டர்ஃபில். நாலு பக்கமும் வலை, விளக்கு வெளிச்சம், பச்சைக் கம்பளம். நாலு எட்டு வைத்தால் முதுகில் வலை இடிக்கும். பேட்டிங் பழகலாம், சுழற்பந்தும் ஓரளவு பழகலாம். வேகப்பந்துக்குக் குறைந்தது பதினைந்து இருபது மீட்டர் ஓட இடம் வேண்டும். காலி மனையாக இருந்தபோது அது சும்மா கிடைத்தது.

சின்னப்பம்பட்டியில் இன்னும் கிடைக்கிறது. நடராஜன் தன் காசில் அங்கே ஒரு மைதானமே கட்டி, 2023-ல் தினேஷ் கார்த்திக்கை அழைத்துத் திறந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் அத்தனை நிலம் வளைத்துப்போட 10 கோடியே 75 லட்சம் போதுமா என்று இங்கே எந்த மனைத் தரகரைக் கேட்டாலும் சிரிப்பார்.