பிடே வாடாவிலிருந்து கிர்க்கி வரை

புனேத் தமிழர் வீடுகளில் தக்டுஷேட் பிள்ளையாரைத் தரிசிக்காதவர் இருக்க மாட்டார்கள். கோயிலுக்கு எதிரே இருந்த பிடே வாடாவைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? இருபது வருஷம் அதன் எதிரிலேயே வரிசையில் நின்றவள் நான். 1848-இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய இடம் அது என்று என் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

சங்க மகளிர் சேர்ந்து, இந்நகரப் பெண்களின் வரலாற்று நடை ஒன்றை அமைக்கக் கூடியபோது அந்தக் கட்டடமே இல்லை. நினைவகம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் இடித்துவிட்டார்கள். "இல்லாத இடத்தை எப்படிடீ காட்டறது?" என்றார் ஒரு மாமி. அங்கேதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கையில் எடுத்துப் போகிறோம்.

பிறகு லட்சுமி ரோடு. ரமாபாய் ரானடே 1909-இல் தொடங்கிய சேவா சதன். 1884-இல் தோன்றிய ஹுஜூர்பாகா பெண்கள் பள்ளி. பேஷ்வாவின் குதிரை லாயம் இருந்த இடமாம் அது. பள்ளியின் பெயரில் லாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஆட்டோ பிடித்து கஞ்ச் பேட்டையிலுள்ள புலே வீடு. தீண்டாமையால் தண்ணீர் மறுக்கப்பட்டவர்களுக்கு 1868-இல் திறந்துவிட்ட வீட்டுக் கிணற்றை அங்கே பார்க்கலாம். 1897-இல் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்திரிபாய் அந்நோயாலேயே இறந்ததைச் சொல்லும்போது, சளசளவென்று பேசிவரும் பிள்ளைகளும் அடங்கிவிடுவார்கள்.

வேலையைப் பங்கிட்டது எளிது: குடும்பத்துக்கு ஓர் இடம். கட்டுப்பாடு ஒன்றுதான். சொல்லும் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும். மராத்தியில் படித்துச் சொல்ல நம் பிள்ளைகளே துணை. (தமிழ் படிக்கத் தடுமாறுகிறார்களே என்று அவர்களை வைதது நினைவுக்கு வந்தது.)

சச்சரவு வந்தது கிர்க்கியால். ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி அது. அங்கே ஒரு பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கெல்லாம் ஊர்க் கடிதம் எழுதிக் கொடுத்தவர். "சாவித்திரிபாய் வரிசையில நம்ம பாட்டியா?" என்று சிலர் சிரித்தார்கள். ஆதாரம் கேட்டார்கள், அது நியாயந்தான். ஊருக்குப் போன மூன்று குடும்பங்கள் தகரப் பெட்டிகளைக் குடைந்து பழைய இன்லாண்டு கடிதங்களோடு திரும்பின. அனுப்பியவர்கள் மூன்று பேர், கையெழுத்து ஒன்று.

பாட்டி வீட்டுத் திண்ணைதான் இப்போது கடைசி நிறுத்தம். நடை ஞாயிறு காலை ஏழு மணிக்கு. கடைகள் திறந்துவிட்டால் லட்சுமி ரோட்டில் நிற்க இடம் கிடைக்காது.