அரிவாள் பிடிக்குப் பூண்

வாழைத்தோட்டத்தில் வேலை மும்முரமாக நடக்கும்போது ஒரு பிடி ஆடத் தொடங்கினால், அதோடு ஓர் ஆளின் வேலை நின்றது. முக்கொம்பு மேலணையைச் சுற்றி ஜீயபுரம், திருப்பராய்த்துறை, பெட்டவாய்த்தலை என்று பூவனும் கற்பூரவல்லியும் நேந்திரனும் விளைகிற ஊர்கள் எங்களுடையவை. சருகு கழிக்க, பக்கக்கன்று அறுக்க, இலை அறுக்க, தார் வெட்ட என்று ஆண்டு முழுக்க அரிவாளுக்கு வேலை இருக்கும். நான் தச்சன். கதவு ஜன்னல்தான் பிழைப்பு என்றாலும், பிடி போன அரிவாளைக் கொண்டுவருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை.

"தம்பி, பிடி கையிலேயே சுத்துது. வாய்க்கால்ல ஊறப் போட்டேன், கொஞ்சம் நின்னுச்சு. இப்ப மறுபடியும் அதே கதை" என்பார்கள்.

"வச்சுட்டுப் போங்கக்கா, புதுசாவே போட்டுடலாம்" என்பேன்.

ஊறப்போடுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. ஈரம் ஏறினால் மரம் உப்பும், இரும்பு வளையம் அதை விடாது. உப்ப இடமில்லாத மரநார்கள் உள்ளேயே நசுங்கிவிடும். திரும்பக் காயும்போது முன்பிருந்ததைவிடக் குறுகிப் போகும். ஒவ்வொரு முறை ஊறப்போடும்போதும் பிடி இன்னும் கொஞ்சம் தளர்கிறது.

அந்த வளையம்தான் பூண். உலக்கையின் நுனியிலும் உளிப் பிடியிலும் இருப்பது அதுவே. அரிவாளின் கூரான வால்பகுதி பிடிக்குள் இறங்கும்போது, விறகு பிளக்க அடிக்கும் ஆப்பைப்போல மரத்தைப் பிளக்கப் பார்க்கும். பிளவு நாரோடு நீளவாக்கில் ஓடும். மரத்தைச் சுற்றிப் பிடித்து அதைத் தடுப்பது பூண் ஒன்றுதான். வாலை இறுக்கமாக அடிக்கலாம் என்ற துணிச்சலே பூண் இருப்பதால் வருவது.

நான் போடும் முறையைச் சொல்கிறேன். கருவேலமோ கொய்யாவோ, மரம் நிழலில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது குறுக்குவாட்டில் நூற்றுக்கு ஐந்துக்கும் மேலே சுருங்கும். 22 மில்லிமீட்டர் கனமுள்ள பிடியில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அவ்வளவு இடைவெளி விழுந்தால் பூண் தானாகவே கழன்று விழும். பூணுக்கு முக்கால் இஞ்ச் ஜிஐ பைப்பில் ஒரு விரல்கட்டை நீளம் அறுத்தால் போதும். உள்விளிம்பில் இருக்கும் பிசிறை அரத்தால் ராவிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போகும்போது அது மரத்தைச் சீவிக்கொண்டே போகும். பிடியின் முனையை லேசாகக் கூம்பாகச் செதுக்கி, பூணை வைத்து மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும். பூண் ஏறி இறுகிய பிறகுதான் துளை. முதலில் துளை போட்டுவிட்டுப் பூண் ஏற்றினால் துளையின் அளவு மாறிவிடும்.

துளை வாலைவிடச் சிறியதாக இருக்கட்டும். வாலைச் செருகி, அரிவாள் கீழே தொங்கும்படி பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடியின் மேல்முனையில் சுத்தியால் அடிக்க வேண்டும். அலகைத் தொடவே வேண்டாம். இரும்பின் கனமே அதை அசையவிடாமல் நிறுத்த, பிடி இறங்கி வந்து வாலை வாங்கிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு நம்பவே தோன்றாது. மிச்ச இடைவெளியை அந்தக் காலத்தில் அரக்கை உருக்கி அடைத்தார்கள், நான் அரால்டைட் வைக்கிறேன்.

பூணைக் காய்ச்சி ஏற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏற்றுவது அப்படித்தான். ஆனால் ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள பட்டா 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் விரியும். நம் சின்னப் பூண் அதே சூட்டில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட விரியாது. அந்தச் சூட்டோடு ஏற்றினால் உள்ளே மரம் கருகிவிடும், கரி உதிர்ந்தால் பழைய ஆட்டமே திரும்பும்.

மண்வெட்டியில் கதை தலைகீழ், அங்கே மரம் இரும்புக்குள் போகிறது. கோல்ஃப் இரும்பு மட்டையும் அந்த வகைதான். கொடைக்கானலில் 1895-லேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டது. அந்நாளில் மட்டைத் தண்டு ஹிக்கரி மரம். எஃகுத் தண்டை 1929-ல் பிரிட்டனில் கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்பு அனுமதித்தது. இப்போது தண்டு மாற்றும்போது இரும்பின் கழுத்தைச் சூடாக்கிப் பழைய பசையை இளக்கித் தண்டை உருவுவார்கள். புதுத் தண்டின் முனையைச் சுரண்டி, பிளாஸ்டிக் பூணை ஏற்றி, இருபாகப் பசையில் தலையை மாட்டுவார்கள். பூண் கழுத்துக்குச் சமமாக வரும்வரை தேய்த்து, அசிட்டோன் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் பளபளக்கும். கேட்கிற நிறத்தில் செய்து மாட்டுவோரும் உண்டு. அங்கே சுமை தாங்குவது பசை. இரும்பின் விளிம்பு தண்டை அறுக்காமல் காப்பதும் அழகும்தான் பூணின் வேலை. அரிவாளிலோ பூண் போனால் பிடியும் போச்சு, சில நேரம் கைவிரலும் போகும்.

அதனால், கடையில் பிடி வாங்கும்போது தகரம்போல மெல்லிய பூண் இருந்தால் வாங்காதீர்கள். பிடி உடைந்துவிட்டது என்று நல்ல இரும்பைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். அலகு நன்றாக இருந்தால் உங்கள் ஊர்த் தச்சரிடம் கொடுங்கள். மரம் காய்ந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.